மழைக்கு ஒரு கார்டு

ராகு காலத்தில் விலை சொல்லலாமாம், பில் மட்டும் போடக் கூடாதாம். ஏகாம்பரம் கடையில் அதுதான் சட்டம். ரிச்சி தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு கம்ப்யூட்டர் கடை, அத்தனையையும் விட்டுவிட்டு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் இவரிடம் வந்து மாட்டிக்கொண்டது என் சாமர்த்தியம். உட்காருங்க மேடம், நாலரைக்கு மேல போட்டுக்கலாம், அதுக்குள்ள எந்த போர்டுன்னு நல்லா யோசிச்சு வைங்க என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது எதிர்ப்பக்கம் சாய்கிறது. எழுந்து பக்கத்துக் கடைக்குப் போகலாம், ஆனால் ஏற்கெனவே நான்கு கடை ஏறி இறங்கியாயிற்று, ஒவ்வொரு கடையிலும் முதல் கேள்வி பட்ஜெட் எவ்வளவு, இரண்டாவது கேள்வி பையனுக்கா மேடம். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கேமிங் கம்ப்யூட்டர் கேட்டு வந்தால் வேறு யாருக்காக இருக்கும், பையனுக்குத்தான். அந்த நான்கு கடையிலும் இல்லை, தம்பிக்கு என்று சொன்னேன். தம்பி என்ன பண்றார், எந்த ஏரியா, அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே மேடம், அவருக்குத்தானே தெரியும். அவரைக் கூட்டி வரலாம், சக்கர நாற்காலியைத் தூக்க இரண்டு ஆள், ஆட்டோவில் ஏற்ற ஒரு அரை மணி, இந்தச் சந்தில் பைக்குகளுக்கு நடுவில் அதை உருட்ட ஒரு ஜென்மம். இதையெல்லாம் ஒவ்வொரு கடையிலும் சொல்லித் தீராது என்று இந்தக் கடையில் பையனுக்கா என்றதும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எந்த கிளாஸ் என்றார். காலேஜ் என்றேன். கல்யாணமே ஆகாதவளுக்குக் காலேஜ் படிக்கிற பையன். பொய் சொல்வது ஒன்றும் எனக்குப் புதிதில்லை, என் சம்பளமே அதற்குத்தான். முந்நூறு வீடு இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு அலுவலகம், நாள் முழுக்க போன், லிஃப்ட் நிற்கிறது, தண்ணீர் வரவில்லை, ஆள் கிளம்பிட்டார் சார், வந்துட்டே இருக்கார் சார். ஆள் டீக்கடையில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரியும். இப்படிச் சொல்லிச் சொல்லியே பதினொரு வருடம் ஓடிவிட்டது, இன்றைக்கு அரை நாள் லீவு.

காலேஜ்னா நாலு வருஷம் தாங்கணும்ல மேடம் என்றார் ஏகாம்பரம். அங்கேதான் சிக்கிக்கொண்டேன். இரண்டு மதர்போர்டை மேஜை மேல் வைத்திருக்கிறார், இரண்டும் அட்டைப் பெட்டிக்குள், இரண்டும் எனக்கு ஒன்றுதான். இடது பக்கம் இருப்பது பழைய ரகம். பழைய ரகம் என்றால் பழையது இல்லை, புதுசுதான், சீல் பிரிக்காதது, ஆனால் கம்பெனிக்காரன் அந்த ரகத்துக்கு இனிமேல் புது ப்ராசஸர் செய்ய மாட்டான். இன்றைக்கு எதைப் போடுகிறோமோ அதோடு சரி. ராம் கூடப் பழைய ராம்தான் ஏறும். வலது பக்கம் இருப்பது புது ரகம், விலை கூட. ஆனால் மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸர மட்டும் கழட்டிட்டு வேற போட்டா போதும் மேடம், மெஷின் மறுபடியும் புதுசு, அதான் வேல்யூ ஃபார் மணி, இன்னைக்குக் கம்மியா இருக்கேன்னு இதை எடுத்தா நாளைக்கு முழுசா தூக்கிப் போடணும். அவர் சொன்னதில் தப்பே இல்லை. லோகு என்னைப் பார்க்க வைத்த வீடியோக்களிலும் இதைத்தான் சொன்னார்கள், தாடி வைத்த பையன்கள், சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி பொறுமையாக. ஆனால் புது ரகத்துக்குப் போனால் என் கையில் இருக்கிறதில் கிராபிக்ஸ் கார்டு சின்னதாகிவிடும். பழைய ரகத்தை எடுத்தால் மிச்சப்படுகிறதை அப்படியே கார்டில் போடலாம், பெரிய கார்டு, இரண்டு மடங்கு மெமரி. கார்டுதான் படத்தைக் காட்டுவது. அதாவது இன்றைக்கு நன்றாக ஓட வேண்டுமா, நாளைக்கும் ஓட வேண்டுமா என்பதுதான் கேள்வி. இதைக் கேட்கத்தானா இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்தேன்.

லோகுவுக்கு வேண்டியது மழை. என் தம்பி லோகநாதன் ஆம்னி பஸ் டிரைவர், கோயம்பேட்டிலிருந்து கோயம்புத்தூர், வாரத்தில் ஐந்து ராத்திரி. டிரைவராக இருந்தான் என்று சொல்ல வேண்டும், வாய் இன்னும் பழகவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் இடது கால் கிளட்சில் சரியாக அமுங்க மாட்டேன் என்றது. தூக்கம் இல்லாததால் என்றான். சூட்டு உடம்பு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தான். பிறகு செருப்பு காலிலிருந்து நழுவியது, பிறகு மாடிப்படி, பிறகு நாற்காலி. நரம்பு சம்பந்தப்பட்டது, பேர் நீளமாக இருக்கும், எழுதிக் காட்டினால் படிப்பேன், சொல்லச் சொன்னால் வராது. இப்போது அவன் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறான். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக வந்தது. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு, பந்தய விளையாட்டு என்று எத்தனையோ இருக்க, சரக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது ஒரு விளையாட்டா. இண்டிகேட்டர் போட வேண்டும், டீசல் போட வேண்டும், தூக்கம் வந்தால் ஓரம் கட்ட வேண்டும், சிக்னலை மீறினால் அபராதம். ஊர் பேர் தெரியாத வெள்ளைக்கார தேசத்து ரோட்டில் ஆறு மணி நேரம் தக்காளி ஏற்றிக்கொண்டு போவான். கூடவே நாமக்கல்காரர் ஒருவர், சேலத்துப் பையன் ஒருவன், போலந்து நாட்டுக்காரன் ஒருவன், நாலு லாரியும் வரிசையாகப் போகும், ஹெட்போனில் அரட்டை. நாமக்கல்காரர் நிஜத்திலும் லாரி ஓட்டுகிறவர், லீவு நாளில் வீட்டுக்கு வந்து மறுபடி லாரி ஓட்டுகிறார், இதற்கு நான் என்ன சொல்ல. பழைய லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடும், மழை வருகிற வரைக்கும். விளையாட்டில் மழை பிடித்தால் படம் திக்கித் திக்கி நின்றுவிடும். நின்று மறுபடி நகரும்போது லோகுவின் லாரி பள்ளத்தில் கிடக்கும். மற்ற மூன்று பேரும் முன்னால் போய் ஓரம் கட்டிக் காத்திருப்பார்கள். நீங்க போங்கண்ணே, நான் பின்னாடியே வரேன் என்று இவன் சொல்வது சமையலறையில் எனக்குக் கேட்கும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை. மேகம் கறுத்தாலே அவனே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிவிடுவான். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு மார்கழிப் பனியிலும் ஐப்பசி அடைமழையிலும் ஓட்டினவன். மழையில வைப்பர் ஓடணும்க்கா, அது போதும் எனக்கு, லைட் எரியற ஃபேன் எல்லாம் வேணாம், கண்ணாடி டப்பா வேணாம் என்றான். அவன் எதையும் கேட்கிறவன் இல்லை, நாற்காலிக்குப் போன பிறகு அவன் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் இது. அதனால்தான் சீட்டுப் பணம் வந்ததும் கிளம்பி வந்தேன்.

கையில் இன்னும் பிடி இருக்கிறது. ஸ்டீயரிங் ஒன்று ஏற்கெனவே வாங்கியிருக்கிறோம், பெடலுக்குப் பதில் கட்டை விரலால் அமுக்குகிற மாதிரி சேலத்துப் பையன் ஏதோ மாற்றி அனுப்பினான். வலது கை பரவாயில்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போன மாதம் முதல் சொன்ன பேச்சு கேட்பதில்லை, தட்டில் சோறு பிசையும்போது அவை இரண்டும் சும்மா கூட வருகின்றன. டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார்கள், கை இன்னும் ஒன்றரை வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு, அதற்குப் பிறகு மூச்சுப் பக்கம் கவனிக்க வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டியிருக்கும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் விளக்கவில்லை, இரண்டு பேரும் படித்தவர்கள். வெளியே பெஞ்சு பக்கத்தில் லோகு காத்திருந்தான். என்ன சொன்னாங்க என்றான். எக்ஸர்சைஸ் விடாம பண்ணச் சொன்னாங்க என்றேன். ஆள் கிளம்பிட்டார் சார், வந்துட்டே இருக்கார் சார். அவன் தலையாட்டினான், பக்கத்தில் இளநீர் எவ்வளவு என்று கேட்டான், குடித்துவிட்டு வந்தோம். அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் எட்டு மாதமாக டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஃபைலை ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸர மட்டும் மாத்தினா போதும். யாருக்கு மாற்றப் போகிறோம். இந்தக் கணக்கை நான் போட விரும்பவில்லை, அதுவாகவே போட்டுக்கொள்கிறது. இடது பக்கப் பெட்டியை எடுத்தால் புத்திசாலித்தனம், இருக்கிற நாளைக்கு நன்றாக இருக்கட்டும், பெரிய கார்டு, கொட்டுகிற மழை, வைப்பர். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் லோகு பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவான், அவன்தானே எனக்கு இந்த ரகமெல்லாம் சொல்லிக் கொடுத்தான், ஏன்க்கா இதை எடுத்தே, இதுல அப்புறம் ஒண்ணும் மாத்த முடியாதே என்பான், நான் என்ன சொல்வேன். ஸ்டாக் இல்லை என்று சொல்லலாம். இருக்கிறது, வலது பக்கத்தில் இருக்கிறது. இடது பக்கப் பெட்டியைக் காட்டி இதைக் கொடுங்கள் என்று என் வாயால் சொன்னால் டாக்டரம்மா சொன்னதற்கு நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி. இது வரைக்கும் நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. சரி, புதுசையே எடு, நாலு வருஷத்துக்கு எடு, சின்ன கார்டு போட்டால் என்ன, மழை கொஞ்சம் சன்னமாகப் பெய்யும். நம்பிக்கையோடு வாங்கினால் உடம்புக்கும் நல்லது என்று எதிர்வீட்டு ஜெசிந்தாக்கா சொல்வார். இப்போது அவர்தான் லோகுவுக்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறார், சாவி அவரிடம், நான்கு மணி மாத்திரை கொடுத்திருப்பாரா, மறந்திருப்பார், டி.வி. பார்த்துக்கொண்டே தூங்கியிருப்பார். ஸ்டூல் மறுபடி அந்தப் பக்கம் சாய்கிறது. வெளியே யாரோ ஸ்பீக்கரைச் சோதிக்கிறார்கள், ஹலோ ஹலோ செக் செக். ஒருவர் தலையில் மானிட்டர் பெட்டியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிறார். எனக்குத் தூக்கம் வருகிறது. அவன் நாற்காலிக்குப் போனதிலிருந்து முழு ராத்திரி தூங்கியதில்லை, இரண்டு முறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இப்படி உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் ஒரு நினைப்பு வரும், எல்லாம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று. எது முடிந்தால் என்று நான் அதைக் கேட்பதில்லை, அதுவும் சொல்வதில்லை, வந்து ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போகும். இன்றைக்கு அது போகாமல் இந்த மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று இடது பக்கப் பெட்டியைப் பார்க்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கார்டு ஒண்ணு இருக்குது மேடம், பெரிசு, பாதி விலை, பார்க்கறீங்களா என்கிறார் ஏகாம்பரம், தூசி தட்டிக்கொண்டே. லோகு அதற்கும் எச்சரிக்கை சொல்லி அனுப்பியிருக்கிறான், ராப்பகலாக ஓட்டி வதக்கின கார்டையெல்லாம் துடைத்து விற்பார்கள் என்று. வேண்டாம் என்கிறேன். நல்லதுதான் என்கிறார், விற்க வந்தவரே. இவரைக் கொஞ்சம் நம்பலாம் போலிருக்கிறது. "ஒண்ணு மட்டும் சொல்றேன் மேடம். எதுல வேணா மிச்சம் பண்ணுங்க, எஸ்எம்பிஎஸ்ல பண்ணாதீங்க. அது போச்சுன்னா தனியாப் போவாது, கூட இருக்கறதையும் கூட்டிக்கினு போவும்." கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டப்பா அது, யாரும் அதைப் பார்ப்பதில்லை, அது பாட்டுக்கு மூலையில் கிடந்து சூடாகிக்கொண்டிருக்கும். நல்லதாகவே போடுங்கள் என்கிறேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. போர்டுக்கு வாருங்கள் என்கிறது அவர் முகம். மணி நான்கேகால். வலது பக்கம் என்று முடிவு செய்துவிட்டேன். செய்துவிட்டேனா. செய்துவிட்டேன், சின்ன கார்டு, புது போர்டு, நாலு வருஷம், யார் கேட்டாலும் நாலு வருஷம். வாயைத் திறக்கும்போது போன் அடிக்கிறது, லோகு.

"இன்னும் கடையிலதான் இருக்கியா? ஜெசிந்தாக்கா மாத்திரை குடுத்துட்டாங்க, நீ அதுக்காக ஓடி வராத."

"ராகு காலமாம். பில் போட மாட்டாராம்."

"செம ஆளைப் புடிச்சிருக்க. எந்த போர்டு?"

புதுசு என்றேன். ஸ்பீக்கர்ல போடு, அவர்கிட்ட பேசணும் என்றான். போட்டேன், போட்டிருக்கக் கூடாது. அண்ணே வணக்கம், அந்தப் பழைய ரக போர்டுக்கு ஆறு கோர் ப்ராசஸர் ஸ்டாக் இருக்கா, ராம் பதினாறு ரெண்டா போட்டுக்கலாமா, மிச்சத்துக்கு பெரிய கார்டு வருமா என்று அவன் கேட்கக் கேட்க ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார், இத்தனை நேரம் என்னிடம் பட்ட பாட்டுக்கு அவருக்கு இப்போதுதான் ஒரு மனிதன் கிடைத்தான். எல்லாம் வரும் தம்பி என்றார். "ஆனா நாலு வருஷம் காலேஜ் முடியற வரைக்கும் ஓட்டணும்ல, அம்மா சொன்னாங்க. அதுக்கு இந்த போர்டு ஆவாது தம்பி. அப்கிரேடே பண்ண முடியாது."

"அம்மாவா?" என்று லோகு சிரித்தான். "அவங்க எங்க அக்காண்ணே. காலேஜெல்லாம் இல்ல, நான் பஸ் டிரைவர். எனக்கு நாலு வருஷம் தேவைப்படாதுண்ணே. கை ரெண்டு வருஷம் ஓடினா பெரிசு. அதுக்குள்ள நல்லா ஓட்டிக்கறேன். கார்டைப் பெரிசா போட்டுடுங்க."

சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்கிற குரலில் சொன்னான். ஏகாம்பரம் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். எட்டு மாதம். டிராயர், பூட்டு, எக்ஸர்சைஸ், இளநீர். எப்போதிலிருந்து தெரியும் இவனுக்கு. பேர் நீளமாக இருந்தாலும் போனில் அடித்தால் எல்லாம் வரும், நாள் முழுக்க அவன் கையில் போன்தானே, இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை. நான் இவனிடம் மறைத்துக்கொண்டிருந்தேன், இவன் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தான், ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் உள்ள வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே, நான் தனியாகச் சுமந்துகொண்டிருக்க மாட்டேனே. ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

"லோகு."

"சொல்லு."

"எப்படி..."

"அதெல்லாம் வீட்டுக்கு வா, பேசிக்கலாம். வெயில்ல எதுவும் சாப்பிடாம உட்கார்ந்திருப்ப." பின்னால் ஜெசிந்தாக்காவின் டி.வி. சத்தம் கேட்டது. "கார்டு பெரிசுதானே போடறாரு? கேட்டுக்கோ. அப்புறம் அக்கா, பில்லை உன் பேர்ல போட்டுக்கோ. எல்லாத்துக்கும் வாரண்டி மூணு வருஷம் தராங்க. என் பேர்ல இருந்தா பின்னாடி உனக்கு அலைச்சல்."

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன், தெரியவில்லை, அவன் வைத்துவிட்டான். ஏகாம்பரம் ஒன்றும் கேட்காமல் வலது பக்கப் பெட்டியை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார், பின்னால் போய் கிராபிக்ஸ் கார்டு பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார், பெரியதுதான், செங்கல் கனம் இருக்கும் போலிருந்தது. ஒரு டீ சொல்லட்டுமாம்மா என்றார். மேடம் போய் அம்மா வந்துவிட்டது. வேண்டாம் என்றேன். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது, ஆனாலும் அவர் டிராயரைத் திறந்து பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். ராகு காலம் முடியவில்லையே என்றேன். பரவாயில்லம்மா, இன்னைக்கு இருக்கட்டும் என்றார். முடியட்டுங்க, அவசரமில்லை என்றேன் நான். இத்தனை நாளில் இப்படி ஒன்றை நம்பியவள் இல்லை நான், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு பேரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே ஸ்பீக்கர்காரன் ஓய்ந்துவிட்டான். கடிகாரம் நாலரையைத் தாண்டியதும் அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"உங்க பேர் சொல்லுங்கம்மா."

"லோகநாதன்" என்றேன். "கே. லோகநாதன்."

அவர் எழுதாமல் நிமிர்ந்தார். "தம்பி உங்க பேர்ல போடச் சொன்ன மாதிரி இருந்துதே. போன்லேர்ந்து இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"அவன் பேர்லயே போடுங்க."

எழுதினார். எழுத்து ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூணு வருஷத்துல ஏதாவது ஆச்சுன்னா யார் கூப்பிடுவீங்கம்மா, அந்த நம்பரைச் சொல்லுங்க என்றார், தலையைத் தூக்காமல். லோகுவின் நம்பரைச் சொன்னேன்.